வேலைவாரம் சுருங்கினால் லொறித் தொழில் என்னவாகும்?

வாரத்தில் நான்கு நாள் வேலை செய்தால் போதாதா என்ற கேள்வி கடந்த பத்தாண்டுகளில் பல நாடுகளில் பரிசோதனைக்கு உள்ளாகியிருக்கிறது. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை 2,500க்கும் மேற்பட்ட அரச, மாநகர ஊழியர்களின் வேலைநேரம் வாரத்துக்கு 40 மணித்தியாலத்திலிருந்து 35 அல்லது 36 ஆகக் குறைக்கப்பட்டது. சம்பளத்தில் கை வைக்கப்படவில்லை. பிரித்தானியாவில் 2022 ஆம் ஆண்டின் பிற்பாதியில் 61 நிறுவனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,900 பேர் ஆறு மாதங்களுக்கு இத்தகைய பரிசோதனையில் பங்குகொண்டனர். பெறுபேறுகள் பொதுவாக நன்றாகவே இருந்தன. ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் அலுவலகங்களிலும் சேவை நிலையங்களிலும் வேலை செய்பவர்கள். தேவையற்ற கூட்டங்களைக் குறைத்து, நான்கு நாளில் ஐந்து நாள் வேலையை முடிக்க அவர்களால் முடிந்தது. ஒரு லொறிச் சாரதிக்கு அப்படிச் சுருக்கிக்கொள்ள என்ன இருக்கிறது? திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு உள்ள தூரம் எந்தச் சட்டத்தாலும் குறையப்போவதில்லை.

இந்தக் கேள்வி நமது திருகோணமலை மாவட்டத்துக்கு அந்நியமானதன்று. சீனக்குடாவின் பிறீமா ஆலையிலிருந்து கோதுமை மாவும், டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையிலிருந்து சீமெந்தும், எண்ணெய்க் குதங்களிலிருந்து பௌசர்களில் எரிபொருளும், கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் போட்ட மீனும், கந்தளாய், தம்பலகாமம் வயல்களிலிருந்து நெல்லும் பெரும்பாலும் வீதி வழியாகவே வெளியே செல்கின்றன. திரும்பி வரும் லொறிகள் புறக்கோட்டையின் பலசரக்கையும் தம்புள்ளையின் மரக்கறியையும் கொண்டுவருகின்றன. கிண்ணியாவிலும் மூதூரிலும் கந்தளாயிலும் லொறி ஓட்டத்தை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். ஆகவே வேலைவாரத்தைக் குறைப்பது என்றால் இந்தத் தொழிலில் உண்மையில் எது குறையும், எது கூடும், செலவை யார் சுமப்பார் என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வேலைவாரத்தைக் குறைப்பது என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகள் பேசப்படுகின்றன. ஒன்று, நாட்களை மட்டும் குறைத்து மணித்தியாலங்களை அப்படியே வைத்திருப்பது. அதாவது ஐந்து நாளில் செய்த 40 மணித்தியால வேலையை நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலமாக நான்கு நாளில் செய்வது. பெல்ஜியத்தில் 2022 இல் வந்த சட்டம் ஊழியர்கள் கோரிப் பெறக்கூடியதாக்கியது இந்த வகையைத்தான். மற்றொன்று, மணித்தியாலங்களையே குறைத்து, சம்பளத்தைக் குறைக்காமல் விடுவது. அலுவலக ஊழியர் ஒருவருக்கு இரண்டுமே ஏதோ ஒரு வகையில் நன்மையாக அமையலாம். சாரதிக்கோ இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு உயிரோடு சம்பந்தப்பட்டது.

காரணம், லொறித் தொழிலில் ஒரே நாளுக்குள் மூன்று கணக்குகள் ஓடுகின்றன. சக்கரம் சுழலும் நேரம் முதலாவது. அதை ஓட்டும் நேரம் எனலாம். சாமான் ஏற்றுவது, இறக்குவது, வாசலில் காத்திருப்பது, படங்கு போர்த்திக் கட்டுவது, டயர் மாற்றுவது, சிட்டையில் கையொப்பம் வாங்குவது எல்லாவற்றையும் ஓட்டும் நேரத்தோடு சேர்த்தால் வருவது பணி நேரம். எஞ்சியது ஓய்வு நேரம். அலுவலகத்தில் பணி நேரம் என்ற ஒன்றை எண்ணினால் போதும்; லொறியில் மூன்றையும் தனித்தனியே எண்ணாமல் எந்தச் சீர்திருத்தமும் பயன் தராது.

உலக நாடுகள் இதை நெடுங்காலமாகவே உணர்ந்திருக்கின்றன. சர்வதேச தொழில் தாபனத்தின் 1979 ஆம் ஆண்டின் 153 ஆம் இலக்கச் சமவாயம், வீதிப் போக்குவரத்துச் சாரதிகளுக்கென்றே எழுதப்பட்டது. தொடர்ந்து நான்கு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணித்தியாலத்துக்கு மேலும் ஒரு வாரத்தில் 48 மணித்தியாலத்துக்கு மேலும் ஓட்டக் கூடாது, நாளொன்றுக்குத் தொடர்ச்சியாகக் குறைந்தது பத்து மணித்தியாலம் ஓய்வு வேண்டும் என்பன அதன் பொதுவான வரம்புகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி பொதுவாக நாளொன்றுக்கு ஒன்பது மணித்தியால ஓட்டத்தை அனுமதித்து, நாலரை மணித்தியாலத்துக்குப் பின் 45 நிமிட இடைவேளையைக் கட்டாயமாக்குகிறது. காத்திருப்பும் ஏற்றியிறக்கலும் உட்பட்ட பணி நேரத்தை வாரத்துக்குச் சராசரியாக 48 மணித்தியாலத்துக்குள் வைக்கும்படி மற்றொரு சட்டம் கூறுகிறது. அமெரிக்காவில் 11 மணித்தியாலம் வரை ஓட்டலாம். ஆனால் பணி தொடங்கிய 14 ஆவது மணித்தியாலத்துக்குப் பின்னர், இடையில் எவ்வளவு நேரம் சும்மா இருந்திருந்தாலும், ஓய்வெடுக்காமல் மீண்டும் ஓட்ட முடியாது.

இலங்கையில் கடை, காரியாலய ஊழியர்களுக்கு 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் நாளொன்றுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்ற வரையறையை வைத்திருக்கிறது. அந்த 45 ஐயே இக்கட்டுரையில் ஓர் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் நம்மில் பலருக்கு அது பழகிய கணக்கு. கடையிலும் காரியாலயத்திலும் இருப்பவர் அனுபவிக்கும் அந்த 45 ஐ அடைவதே ஒரு நெடுந்தூரச் சாரதிக்குப் பெரிய குறைப்பாக இருக்கும் என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். நான்கு நாள் வாரம் என்பது அதற்கு அப்பாலுள்ள இரண்டாவது படி.

ஒரு வாரக் கணக்கு

பின்வருவது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொள்ளும் ஓர் உதாரணக் கணக்கு. திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கொழும்புக்கு ஏறத்தாழ 260 கி.மீ. பாரம் ஏற்றிய லொறி, சந்திகளையும் நகரங்களையும் கடந்து, சராசரியாக மணிக்கு 40 கி.மீ. ஓடுகிறது என்று வைத்தால் போக ஆறரை, வர ஆறரை, ஆக 13 மணித்தியாலம் ஓட்டும் நேரம். ஏற்றுமிடத்தில் மூன்று மணித்தியாலம், இறக்குமிடத்தில் மூன்று மணித்தியாலம், திரும்பி வர ஒரு லோட் பிடிப்பதற்கும் அதை ஏற்றுவதற்கும் இரண்டு மணித்தியாலம் என்று எடுத்தால் மேலும் எட்டு. ஒரு நடைக்கு மொத்தம் 21 மணித்தியாலம். வாரத்துக்கு மூன்று நடை போகும் சாரதி 63 மணித்தியாலம் பணியில் இருக்கிறார். அதில் 24 மணித்தியாலம் வண்டி நகராத நேரம்.

இப்போது வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று ஒரு வரம்பு வந்துவிட்டது என்று கொள்வோம். வேறு எதையும் மாற்றாவிட்டால் அவரால் இரண்டு நடை மட்டுமே போக முடியும். 42 மணித்தியாலம் அதற்கே சரியாகிவிடும். மூன்று லோட் சென்ற இடத்தில் இரண்டு லோட் செல்லும். நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவராக இருந்தால் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வேலைநேரக் குறைப்பு என்று கேட்டவுடனேயே பல சாரதிகள் அதை எதிர்ப்பது இதனால்தான். அவர்களுக்கு ஓய்வு வேண்டாம் என்பதல்ல. ஓய்வுக்கு அவர்கள் தம் கைப்பணத்தில் விலை கொடுக்க நேர்கிறது.

ஆனால் அதே கணக்கில் இன்னொரு இடத்தில் கை வைத்துப் பார்ப்போம். ஏற்றுவதற்கு ஒரு மணித்தியாலம், இறக்குவதற்கு ஒரு மணித்தியாலம், திரும்பும் லோட் முன்கூட்டியே பேசப்பட்டு, இறக்கிய இடத்திலேயே உடன் ஏற்றப்படுகிறது என்ற நிலை உருவானால், ஓட்டமில்லாத எட்டு மணித்தியாலம் இரண்டு மணித்தியாலமாகச் சுருங்கும். ஒரு நடை 15 மணித்தியாலம். மூன்று நடை சரியாக 45 மணித்தியாலம். சாரதி வேகமாக ஓட்டவில்லை, ஒரு மூடை கூடக் குறைவாக ஏற்றவில்லை, புதிய சாரதி எவரும் சேர்க்கப்படவில்லை. வாரத்திலிருந்து 18 மணித்தியாலம் அவருக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. லொறித் தொழிலில் வேலைவாரத்தைக் குறைக்கும் முயற்சி முதலில் தொட வேண்டியது வீதியை அல்ல, களஞ்சிய வாசலைத்தான் என்று நான் உறுதியாக நம்புவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

வாசலில் போகும் நேரம்

ஒரு களஞ்சியத்தின் முற்றத்தில் காலையில் நடப்பதை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. வரிசையில் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ நிற்கும் லொறியின் சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆசனத்தில் குறுக்கே படுத்திருப்பார். முன்னால் உள்ள லொறி இரண்டு அடி நகர்ந்தால் அவரும் எழுந்து நகர்த்த வேண்டும். ஆகையால் அது தூக்கமுமல்ல, வேலையுமல்ல. அவருடைய முறை வரும்போது மூடை சுமக்கும் நாட்டாமைகள் சாப்பிடப் போயிருக்கலாம். ஒரு மூடை சீமெந்து 50 கிலோ. 20 தொன் என்றால் 400 மூடை. அந்த 400 மூடையும் தோளிலும் தலையிலும் ஏறி, ஒவ்வொன்றாக எண்ணப்பட்டு, அடுக்கப்பட்டு, படங்கு போர்த்திக் கயிறு இறுக்கும்போது பொழுது நடுப்பகலைத் தாண்டிவிடும். சாரதி ஓட்டத் தொடங்குவது அதன் பிறகு. அன்று பிற்பகல் அவர் வீதியில் ஏறும்போதே ஏழு, எட்டு மணித்தியாலம் களைத்துவிட்டிருக்கிறார். ஆனால் எந்தக் கணக்குப் புத்தகமும் அதை வேலை என்று பதியவில்லை. உடன் செல்லும் கிளீனரின் நேரமோ ஒருவராலும் எண்ணப்படுவதே இல்லை.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய குறையல்ல. ஜப்பானில் அரசாங்கம் நடத்திய கணிப்புகளில், ஒரு பயணத்தில் காத்திருப்புக்கும் ஏற்றியிறக்கலுக்குமாகச் சராசரியாக மூன்று மணித்தியாலம் செலவாவது தெரியவந்தது. அமெரிக்காவில் போக்குவரத்துத் திணைக்களத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2018 இல் வெளியிட்ட அறிக்கை இன்னும் கவனத்துக்குரியது. ஏற்றியிறக்கும் இடங்களில் லொறிகள் தங்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால், எதிர்பார்க்கப்படும் விபத்து வீதம் 6.2 சதவீதம் உயரும் என்று அது மதிப்பிட்டது. வாசலில் இழந்த நேரத்தை வீதியில் ஈடுசெய்ய முயல்வதும், ஓய்வை வெட்டுவதும் இதில் முக்கிய காரணங்கள் என்று கருத இடமுண்டு. வாசலில் நடக்கும் தாமதத்துக்கும் ஹபரணைக் காட்டுக்குள் நள்ளிரவில் நடக்கும் விபத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று சொன்னால் நம்பத் தயங்குபவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

காத்திருப்பு நீங்கினால் ஒரு தொழிலாளியின் நாள் எப்படி மாறும் என்பதைத் திருகோணமலை மக்கள் தமது கண்ணாலேயே கண்டிருக்கிறார்கள். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படும் வரை வாகனங்கள் மிதப்புப் பாதையின் முறைக்காகக் கரையில் நின்றன. மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் ஏ-15 வீதியிலும் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று அடுத்தடுத்து இதே நிலை இருந்தது. பின்னர் அங்கெல்லாம் பாலங்கள் வந்தன. லொறிகளின் வேகம் அதனால் பெரிதாகக் கூடிவிடவில்லை. சும்மா நின்ற நேரம் இல்லாமற்போனது, அவ்வளவுதான். களஞ்சிய வாசல்களில் இன்னும் அத்தகைய பாலங்கள் கட்டப்படவில்லை. அவற்றைக் கட்ட இரும்பும் கொங்கிறீட்டும் தேவையில்லை: வருகை நேரத்தை முன்பதிவு செய்யும் ஒரு முறை, மூடைகளைப் பலகைத் தட்டுகளில் அடுக்கி வைத்து போர்க்லிப்ட் கொண்டு ஒரே தடவையில் ஏற்றும் வசதி, மதிய உணவு வேளையில் மாற்று ஆட்கள் ஆகியன இருந்தாலே போதும்.

நாட்களை மட்டும் சுருக்கினால்

மேலே சொன்ன இரண்டு ஏற்பாடுகளுள் முதலாவதை, அதாவது அதே மணித்தியாலங்களை நான்கு நாளுக்குள் அடக்குவதை, நெடுந்தூர லொறிகளுக்குப் பரிந்துரைக்க என் மனம் இடந்தரவில்லை. அலுவலகத்தில் பத்தாவது மணித்தியாலத்தில் வரும் களைப்பு ஒரு கடிதத்தில் பிழையை உண்டாக்கும். வீதியில் நிலைமை வேறு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் லொறி ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கிறது; சாரதி மூன்று செக்கன் கண்ணயர்ந்தால் 50 மீற்றர் தூரம் 20 தொன் பாரம் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாமல் செல்லும். தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் செயற்றிறன், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவருடையதைப் போன்று குறைகிறது என்றும், 24 மணித்தியாலமானால் அது 0.10 சதவீதத்துக்கு ஒப்பாகிறது என்றும் அவுஸ்திரேலியாவில் 1997 இல் வெளியான ஆய்வு காட்டியது. இலங்கையில் மது அருந்திய சாரதிக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 0.08 சதவீதம். மதுவுக்குப் பரிசோதனை உண்டு. தூக்கமின்மைக்கு வீதியோரத்தில் எந்தப் பரிசோதனையும் இல்லை.

நாட்கள் சுருங்கி மணித்தியாலங்கள் சுருங்காவிட்டால் கூடுதல் நேரம் எங்கே போகும் என்று பார்த்தால், அது இரவுக்குள் போகும். மனித உடல் அதிகாலை இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் மிகவும் சோர்ந்திருக்கிறது. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடைப்பட்ட பகுதியில் யானைகள் வீதியைக் கடப்பதும் இருள் சூழ்ந்த நேரங்களில்தான். கொட்பேயிலிருந்து பேலியகொடை மீன் சந்தைக்குச் செல்லும் லொறிகள் விடியுமுன் அங்கு சேர வேண்டியிருப்பதால் இரவோட்டத்தைத் தவிர்க்கவே முடியாது; அப்படித் தவிர்க்க முடியாதவர்களுக்கு நாளொன்றின் மணித்தியாலம் குறைவாக இருப்பது இன்னும் அவசியம். எனவே லொறித் தொழிலில் வாரத்துக்கு ஓர் எல்லை வைக்கும்போது நாளுக்கும் ஓர் எல்லை வைத்தே தீர வேண்டும்.

பிற நாடுகளில் நடந்தது

பிரான்ஸ் 2000 ஆம் ஆண்டளவில் பொதுவான வேலைவாரத்தை 35 மணித்தியாலமாக்கியபோது, நெடுந்தூர லொறிச் சாரதிகளுக்கு மட்டும் 43 மணித்தியாலத்தைச் சாதாரண வாரமாக ஏற்றுக்கொண்டது. காத்திருப்பு நேரத்தை முழு வேலையாகக் கருத முடியாது என்ற வாதம் அதன் பின்னால் இருந்தது. அமெரிக்காவிலும் 1938 ஆம் ஆண்டின் தொழில் சட்டம் 40 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலியை உறுதிசெய்தபோது மாநிலங்களிடையே ஓடும் லொறிச் சாரதிகளை அந்த உரிமையிலிருந்து விலக்கி வைத்தது. நாடு முழுவதுக்கும் வேலைநேரம் குறையும்போது லொறிக்கு விதிவிலக்கு என்பது பழைய பழக்கம் என்பதை இவை காட்டுகின்றன. நமது நாட்டில் நாளை அத்தகைய சட்டம் வந்தாலும் முதலில் எழும் குரல் விதிவிலக்குக் கேட்பதாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

விதிவிலக்கை முடிவுக்குக் கொண்டுவந்த நாடு ஜப்பான். 2018 இல் நிறைவேறிய சட்டம் பெரும்பாலான தொழில்களின் மேலதிக நேரத்துக்கு வரம்பு வைத்தது. லொறிச் சாரதிகள் உட்படச் சில தொழிலினருக்கு அவகாசம் கொடுத்து, சாரதிகளுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 960 மணித்தியாலம் என்ற மேலதிக நேர எல்லையை நடைமுறைப்படுத்தியது. மற்றத் தொழில்களுக்கு அந்த எல்லை பொதுவாக 720 என்பதால் இது இன்னும் தாராளமான எல்லையே. அப்படியிருந்தும், எந்த மாற்று நடவடிக்கையும் எடுக்காவிட்டால் 2024 இல் நாட்டின் சரக்குப் போக்குவரத்துக் கொள்ளளவில் 14 சதவீதமும் 2030 இல் 34 சதவீதமும் பற்றாக்குறை ஏற்படும் என்று அரசாங்கம் எச்சரித்தது. அந்த எச்சரிக்கையின் பயன், பொறுப்பைச் சாரதியிடமிருந்து சரக்கு அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் மாற்றியது. காத்திருப்பும் ஏற்றியிறக்கலும் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும் என்ற இலக்கு வைக்கப்பட்டது. மூடைகளைக் கையால் ஏற்றுவதைக் குறைத்துப் பலகைத் தட்டுகளுக்கு மாறுவது, நெடுந்தூரச் சரக்கைப் புகையிரதத்துக்கும் கப்பலுக்கும் மாற்றுவது, நடுவழியில் சாரதிகள் வண்டியைக் கைமாற்றுவது ஆகியவை ஊக்குவிக்கப்பட்டன.

தென் கொரியா மற்றொரு முனையிலிருந்து முயன்றது. அங்கே லொறி ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் சொந்த வண்டிக்காரர்கள். வேலைநேரச் சட்டம் ஊழியருக்கே பொருந்துவதால் அவர்களைத் தொடவில்லை. ஆகவே 2020 முதல் 2022 இறுதி வரை கொள்கலன் லொறிகளுக்கும் சீமெந்து லொறிகளுக்கும் சட்டபூர்வமான குறைந்தபட்ச ஓட்டக் கூலி நிர்ணயிக்கப்பட்டது. போதிய கூலி கிடைத்தால் உறக்கத்தைக் கெடுத்து இன்னொரு நடை போகத் தேவையிராது என்பதே அதன் தருக்கம். அதை நீடிக்கக் கோரி 2022 இல் நடந்த வேலைநிறுத்தங்கள் நாட்டின் துறைமுகங்களைப் பாதித்தன. நமது பகுதியில் லீசிங்கில் ஒரு லொறியை எடுத்து, தாமே ஓட்டி, மாதாந்தத் தவணை கட்டுபவர்களின் நிலைமையும் இதுவே. முதலாளியும் தொழிலாளியும் ஒருவரே ஆகும்போது வேலைநேரத்தைத் தீர்மானிப்பது தவணைத் திகதிதான். அவர்களுக்குக் கூலியைப் பேசாமல் ஓய்வைப் பேசுவது நியாயமாகாது.

நான்கு நாள் வாரம் இயலுமா?

இனி இரண்டாவது படிக்கு வருவோம். மேலே கண்ட 45 மணித்தியால வாரத்தில் ஒரு சிக்கல் எஞ்சியிருக்கிறது. மூன்று நடை என்பது நாளொன்றுக்கு ஏழரை மணித்தியாலம் வீதம் ஆறு நாள் வேலை. அதில் மூன்று இரவுகள் வீட்டுக்கு வெளியே கழிகின்றன. மணித்தியாலம் குறைந்தது, நாட்கள் குறையவில்லை. நான்கு நாளில் மூன்று நடையை அடக்க முயன்றால் நாளொன்றுக்குப் பதினொன்றேகால் மணித்தியாலமாகும். அதன் ஆபத்தை முன்னரே பார்த்தோம்.

ஜப்பானில் ஊக்குவிக்கப்படும் கைமாற்று முறையை நமது வீதியில் பொருத்திப் பார்க்கலாம். திருகோணமலைக்கும் கொழும்புக்கும் ஏறத்தாழ நடுவில், தம்புள்ளைக்கு அப்பால், கலேவெல இருக்கிறது. திருகோணமலைச் சாரதி சீமெந்து லொறியுடன் அங்கு வரை ஓட்டி, கொழும்பிலிருந்து பலசரக்குடன் வந்த சாரதியிடம் தமது வண்டியைக் கொடுத்து, அவருடைய வண்டியை எடுத்துக்கொண்டு திரும்புகிறார். இருவரும் 260 கி.மீ. ஓட்டி, ஆறரை மணித்தியாலத்தில் தத்தம் ஊருக்குத் திரும்பி, இரவு உணவைப் பிள்ளைகளோடு உண்ணலாம். கைமாற்றுக்கும் சோதனைக்கும் ஒன்றரை மணித்தியாலம் சேர்த்தாலும், ஏற்றியிறக்கலை உள்ளூர் ஆட்கள் பார்த்துக்கொண்டால், எட்டு மணித்தியால வேலை. நான்கு நாளில் 32 மணித்தியாலம். பெரிய இழுவை வண்டிகளில் பின்பகுதியை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம் என்பதால் கொள்கலன்களுக்கு இது இன்னும் இலகு.

இதில் மறைக்கக் கூடாத ஒரு செலவு உண்டு. இம்முறையில் நான்கு நாள் வேலை செய்யும் ஒரு சாரதியின் பங்கு வாரத்துக்கு இரண்டு முழு நடைகளுக்குச் சமம். மூன்று நடைக்கான சரக்கை அதே அளவில் அனுப்ப வேண்டுமானால் இரண்டு சாரதிகள் இருந்த இடத்தில் மூன்று சாரதிகள் வேண்டும். லொறிகளைக் கூட்டத் தேவையில்லை. வண்டிக்குக் களைப்பு இல்லாததால் ஒருவர் விடுப்பில் இருக்கும்போது மற்றொருவர் அதை ஓட்டலாம். தவணையும் காப்புறுதியும் வண்டி ஓடினாலும் நின்றாலும் ஒன்றே என்பதால், சாரதிக்கு ஓய்வு கொடுத்து வண்டியை ஓடவைக்கும் உரிமையாளரே குறுகிய வேலைவாரத்தில் நட்டப்படாமல் தப்புவார். ஒரேயொரு லொறி வைத்துத் தாமே ஓட்டுபவருக்கு இது எளிதன்று. அவர் இன்னொருவருடன் கூட்டுச் சேர வேண்டியிருக்கும்.

புதிய சாரதிகள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்வியும் நியாயமானது. கனரக வாகன அனுமதிப்பத்திரம் பெற்றவர்களில் பலர் வளைகுடா நாடுகளுக்குச் செல்கிறார்கள். இளைஞர்கள் இத்தொழிலை விரும்புவதில்லை. அவர்கள் விரும்பாததற்குக் கூலி மட்டும் காரணமல்ல. திருமணத்துக்கும் போக முடியாமல், பிள்ளையின் காய்ச்சலுக்கும் பக்கத்தில் இருக்க முடியாமல், வண்டிக்குள்ளேயே படுத்தெழும்பும் வாழ்க்கையை எந்தப் பெற்றோரும் மகனுக்கு விரும்பமாட்டார்கள். நாள்தோறும் வீடு திரும்பும் தொழிலாக அது மாறினால், இன்று அதைப் பற்றி நினைத்தும் பாராத இளைஞர்களும், ஏன் பெண்களும், அதற்கு வரக்கூடும். ஆட்பற்றாக்குறை இருப்பதால் வேலைநேரத்தைக் குறைக்க முடியாது என்று சொல்பவர்கள், நீண்ட வேலைநேரமே ஆட்பற்றாக்குறையை உண்டாக்குகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

செலவு இறுதியில் பொருளின் விலையில் சேரும் என்பதும் உண்மை. ஆனால் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்காமல் அஞ்சக் கூடாது. மேலதிகச் சாரதியால் ஒரு நடைக்கு 8,000 ரூபா கூடுகிறது என்று வைத்தால், 400 மூடை ஏற்றிய லொறியில் அது மூடைக்கு 20 ரூபா. விபத்து, வண்டிச் சேதம், காப்புறுதி ஆகியவற்றில் குறைவதை இதிலிருந்து கழிக்க வேண்டும். பாரத்துக்கு ஏற்ப விலை குறைந்த பொருட்களில், உதாரணமாக மணலிலும் செங்கல்லிலும், இந்தச் சுமை கூடுதலாகத் தெரியும். மருந்திலும் துணியிலும் தெரியவே தெரியாது.

மற்றவர்கள் ஓய்வெடுக்கும் நாளில்

சாரதியின் வாரம் அப்படியே இருந்து, அவர் சேவை செய்யும் அலுவலகங்களின் வாரம் மட்டும் சுருங்கினாலும் லொறித் தொழில் பாதிக்கப்படும். களஞ்சியங்களும் திணைக்களங்களும் வெள்ளிக்கிழமையை மூடிவிட்டால், ஐந்து நாளில் பரவியிருந்த லொறிகள் நான்கு நாளில் குவியும். வியாழன் மாலை வாசலைத் தவறவிட்ட வண்டி திங்கள் வரை பாரத்துடன் நிற்கும். நமது மாவட்டத்தில் ஜும்ஆத் தொழுகையை ஒட்டி வெள்ளி நண்பகல் ஏற்கனவே பல இடங்களில் வேலை ஓய்கிறது. போயா விடுமுறைகளும் உண்டு. எரிபொருள் நெருக்கடி உச்சத்திலிருந்த 2022 ஜூனில் அரசாங்கம் அரச ஊழியர்களுக்கு மூன்று மாத காலத்துக்கு வெள்ளிக்கிழமைகளை விடுமுறையாக்கியது பலருக்கு நினைவிருக்கும். அதை ஒரு பரிசோதனையாகக் கொள்ள முடியாது. அந்நாட்களில் லொறிகளை நிறுத்தியது டீசல் இன்மையே. ஆனாலும் விடுமுறையை எல்லோருக்கும் ஒரே நாளில் வைக்காமல், ஊழியர்களுக்குச் சுழற்சி முறையில் கொடுத்து வாசலை ஆறு நாளும் திறந்து வைப்பதே சரக்குத் துறைக்கு ஏற்றது.

அறுவடைக் காலத்தையும் மறக்கக் கூடாது. பெரும்போக நெல் வெட்டப்படும் மாதங்களில் கந்தளாய்ப் பக்கம் லொறி கிடைப்பதே அரிது. மழைக்கு முன் நெல் ஆலைக்குச் சேர வேண்டும். அத்தகைய வாரங்களில் 45 மணித்தியாலம் என்று இறுக்கிப் பிடிப்பது விவசாயியைத் தண்டிப்பதாகும். ஐரோப்பியச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: ஒரு வாரத்தில் 60 மணித்தியாலம் வரை அனுமதித்து, சில மாதங்களின் சராசரி 48 ஐத் தாண்டாதபடி பார்த்துக்கொள்கிறது. நாளாந்த ஓட்ட எல்லையை மட்டும் எந்தப் பருவத்திலும் தளர்த்துவதில்லை.

சட்டம் வரும் வரை காத்திராமல் தொடங்கக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு லோட்டுடனும் செல்லும் சிட்டையில், லொறி வாசலுக்கு வந்த நேரம், ஏற்றவோ இறக்கவோ தொடங்கிய நேரம், வெளியேறிய நேரம் என மூன்று கட்டங்களை அச்சிட்டு, இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். முதல் இரண்டு மணித்தியாலம் இலவசம், அதன்பின் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டால், அந்தப் பணத்தில் சாரதிக்கும் கிளீனருக்கும் உரிய பங்கையும் அதே வரியில் எழுதிவிடலாம். மாவட்டத்தின் லொறி உரிமையாளர் சங்கங்கள் ஒரு பருவத்துக்கு இந்தச் சிட்டைகளைச் சேர்த்து வைத்தால், எந்த வாசலில் எந்த நாளில் எத்தனை மணித்தியாலம் வீணாகிறது என்ற விபரம் முதல் தடவையாகக் கையில் கிடைக்கும். தொழில் திணைக்களத்துடனும் ஆலை நிர்வாகங்களுடனும் பேசப் போகும்போது மேசையில் வைக்க வேண்டியது அதைத்தான்.